அரை பவர்

போட்டிக்குச் சரியாக நாற்பத்திரண்டு மணி நேரம் இருந்தபோது மங்கையர்க்கரசி தன் கண்ணாடியைத் திருப்பிக் கொடுக்க வந்தார்.

விமான் நகர் கண்ணாடிக் கடையில் வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்குக் கூட்டம் இருக்காது. முதலாளி சாப்பிடப் போயிருந்தார். சுப்ரஜா மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, சோதனை லென்ஸ்களைத் துடைத்து அதனதன் குழியில் வைத்துக்கொண்டிருந்தாள். வெளியே மழை. மங்கையர்க்கரசி குடையை வாசலிலேயே மடக்கி வைத்துவிட்டு, கைப்பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இந்தா பிள்ள. இத நீயே வச்சுக்க. புதுசா சுட வாறவுக யாருக்காச்சும் ஆவும்."

டப்பாவுக்குள் இருந்தது தெருவில் போட்டுக்கொண்டு போகிற கண்ணாடி இல்லை. ஒரு கம்பிச் சட்டம், வலது கண்ணுக்கு முன்னால் மட்டும் ஒரு வட்ட லென்ஸ், இடது கண்ணை மறைக்க ஒரு வெள்ளைத் தகடு. பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் சுடுகிறவர்களின் கண்ணாடி. அந்த லென்ஸை அளந்து போட்டுக் கொடுத்தவள் சுப்ரஜாதான்.

"ஞாயித்துக்கிழமை போட்டி இருக்குதுங்களேக்கா."

"நான் போகல."

மங்கையர்க்கரசிக்கு நாற்பத்தேழு வயது. லோஹேகாவில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். கணவர் விமானப்படையில், இப்போது ஜோர்ஹாட்டில். மகன் சூரத்தில் படிக்கிறான். ஆறு வருடத்துக்கு முன் விமானப்படைக் குடியிருப்புப் பெண்களுக்காக நடத்திய ஒரு முகாமில் பிஸ்டலைக் கையில் எடுத்தவர், முகாம் முடிந்து எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகும் அதைக் கீழே வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நடப்பது மாநில அணிக்கான தகுதிச் சுற்று. அந்தச் சுற்றுவரை அவர் வந்ததே இந்த வருடம்தான்.

"பாரு," என்று வலது கையை நீட்டிக் காட்டினார்.

சுப்ரஜா பார்த்தாள். நீட்டிய கை எல்லாருக்கும் எவ்வளவு ஆடுமோ அவ்வளவுதான் ஆடியது. ஆனால் அவள் கண்ணைப் பற்றிப் படித்தவள், கையைப் பற்றிப் படித்தவள் இல்லை.

"எங்கம்மைக்கு நாப்பத்தெட்டுல ஆரம்பிச்சுது. மொத காப்பி டம்ளர் ஆடிச்சு. பொறவு சேலக் கொசுவம் மடிக்க முடியல. கடைசில சோத்த நாங்க ஊட்டணும். எனக்கு வாற தையில நாப்பத்தெட்டு." பள்ளியில் கணக்குப் போட்டுக் காட்டுவதுபோலச் சொன்னார். "திங்கக்கிழம நரம்பு டாக்டர்ட்ட நம்பர் போட்டாச்சு. அவரு சொல்லதுக்கு முன்னால நானே நிறுத்திக்கிடுதேன். அதான் மரியாத."

"சுடும்போது உங்களுக்கு என்ன தெரியுதுங்க்கா?"

"அட்டையில கறுப்பு வட்டம் கத்தி வச்சு வெட்டுனாப்ல பளிச்சுனு தெரியுது. அதுக்கு மேல பிஸ்டல் நுனில இருக்க ஃப்ரண்ட் சைட் கெடந்து ஆடுது. ஒரு செகண்டு நிக்க மாட்டேங்கு. நிக்கும் நிக்கும்னு பாத்துட்டு, போற போக்குல டப்புனு அமுக்கிருதேன். ஆறு, ஏழுன்னு விழுது."

"முன்ன எப்படிங்க்கா தெரிஞ்சுது?"

"முன்ன அந்த வட்டமே மங்கலாக் கெடக்கும். நீதான அதச் சரி பண்ணிக் குடுத்த."

சுப்ரஜாவின் கையிலிருந்த லென்ஸ் அதன் குழிக்குப் பதிலாக அடுத்த குழியில் போய் உட்கார்ந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

"நான் ஒருக்கா செக் பண்ணிப் பாக்கறனுங்க்கா. இருக்கட்டும், இங்கயே வெச்சுட்டுப் போங்க."

"செக் பண்ணி என்ன செய்ய? சரி, ஒன் இஷ்டம்."

மங்கையர்க்கரசி குடையை விரித்துக்கொண்டு மழைக்குள் போனார். சுப்ரஜா டிராயரின் அடியிலிருந்து தன் நோட்டை எடுத்தாள். எடுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றில்லை. மூன்று பக்கமும் அவளுக்கு மனப்பாடம்.

சுடுகிறவர்கள் இந்தக் கடைக்கு வர ஆரம்பித்தபோது அவளே படித்து, சுடும் ரேஞ்சில் போய் நின்று பார்த்து எழுதிய நோட்டு அது. முதல் பக்கம், பறக்கும் களிமண் தட்டைச் சுடுகிறவர்களுக்கு. அவர்களுக்குத் தட்டுதான் தெரிய வேண்டும். தூரப் பார்வைக்கு என்ன பவரோ அதையே முழுதாகப் போடு. இரண்டாவது பக்கம் ரைஃபிள். குழலின் நுனி கண்ணுக்குத் தள்ளி இருக்கிறது, அதனால் கால் பவர் மாற்று. மூன்றாவது பக்கம் பிஸ்டல். நீட்டிய கையின் நுனியில் இருக்கும் அந்தச் சின்னக் கறுப்புத் துண்டு, ஃப்ரண்ட் சைட், அதுதான் தெளிவாகத் தெரிய வேண்டும். அரை பவர் மாற்று. அப்படிச் செய்தால் இலக்கு மங்கலாகத்தான் இருக்கும். இருக்கட்டும். நீட்டிய கை எப்போதும் ஆடும். இலக்கு மங்கலாக இருந்தால் அந்த ஆட்டம் கண்ணில் படாது, மனம் பதறாது. இலக்கு தெளிவாகிவிட்டால் கண் அங்கே ஓடிவிடும், ஆட்டம் பத்து மடங்காகத் தெரியும், விரல் அவசரப்படும்.

கடைசி வரியையும் அவளேதான் எழுதியிருந்தாள். "மங்கலாகத் தெரிகிறது என்று வந்து சொல்வார்கள். மாற்றக் கூடாது." மாற்றக் கூடாது என்பதன் கீழே ஒரு கோடு.

மங்கையர்க்கரசியின் வலது கண்ணுக்குத் தூரப் பார்வைக்கு மைனஸ் ஒன்றேகால். பிஸ்டலுக்கு அரை குறைத்து மைனஸ் முக்கால். பிப்ரவரியில் சுப்ரஜா முக்கால்தான் போட்டுக் கொடுத்தாள். அளவெடுத்த நாளில் பிஸ்டலைக் கடைக்குள் கொண்டுவர முதலாளி சம்மதிக்கவில்லை. மங்கையர்க்கரசி ஒரு குடையை நீட்டிக்கொண்டு நடுக்கடையில் நிற்க, சுப்ரஜா அவர் கண்ணிலிருந்து குடை நுனிவரை டேப் பிடித்து அளந்தாள். வந்த வாடிக்கையாளர் ஒருவர் வாசலிலேயே நின்றுவிட்டார். அன்றைக்குத்தான் மங்கையர்க்கரசி அவள் பெயர்ப் பட்டையைப் படித்துவிட்டு, "தமிழா பிள்ள நீ? வாயே தெறக்கலியே," என்றார்.

அவள் வாயைத் திறக்காமல் ஒன்றும் இல்லை. ஒரு நாளைக்கு நூறு தடவை, "பெஹ்லா அச்சா, யா தூஸ்ரா?" என்று கேட்கிறாள். முதல் லென்ஸ் நன்றாக இருக்கிறதா, இரண்டாவதா. அது அவளுக்குப் பிழையில்லாமல் வருகிற இந்தி. அதற்கு மேல் யாராவது பேச்சை வளர்த்தால் சிரித்துவைப்பாள். தங்கியிருக்கும் பெண்கள் விடுதியில் அறைத் தோழிகள் இருவர், அவர்களுக்குள் பேசிக்கொள்வார்கள். இரவு எட்டு மணிக்குப் பொள்ளாச்சியிலிருந்து அம்மா கூப்பிடுவாள். சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், சரி வை. கடையிலும் விடுதியிலும் அவளை அமைதியான பெண் என்றார்கள். அவள் அமைதியாக இல்லை. யாரிடம் பேசுவது என்று தெரியாமல் இருந்தாள்.

மார்ச்சில் ஒரு ஞாயிறு, ரேஞ்சிலிருந்து திரும்பும்போது மங்கையர்க்கரசி அவளை வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனார். சொதியும் இஞ்சிப் பச்சடியும். பொள்ளாச்சிக்காரிக்குச் சொதி என்றால் என்னவென்றே தெரியாது. தேங்காய்ப் பாலைக் குழம்பாக ஊற்றுவதைப் பார்த்து அவள் முழித்ததும், "விஷம் வைக்கல, திங்கு," என்றார் மங்கையர்க்கரசி. இரண்டாவது கரண்டி ஊற்றும்போதுதான் அந்தப் பேச்சு வந்தது.

"ஒண்ணு சொன்னா கோச்சுக்கிட மாட்டியே. அந்தக் கண்ணாடில இலக்கு மங்கலாத் தெரியுது பிள்ள. இன்னுங் கொஞ்சம் தெளிவா வைக்க முடியுமா?"

அது அப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். கணக்கு டீச்சர், இரண்டு நிமிடத்தில் புரிந்துகொள்வார். சுப்ரஜா இலையைப் பார்த்தாள். கரண்டியைப் பார்த்தாள்.

"சரிங்க்கா. மாத்திர்றனுங்க," என்றாள்.

அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அடுத்த வாரம் ஒன்றேகால் லென்ஸைப் போட்டுப் பார்த்துவிட்டு மங்கையர்க்கரசி அவள் தோளைத் தட்டிக் கொடுத்தார். அதற்கடுத்த வாரமும் சாப்பிடக் கூப்பிட்டார். இப்படிப் பதினான்கு ஞாயிறு. பத்துத் தோட்டாவுக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று சுட்டவர் எண்பத்தொன்பதுக்கு வந்தார், பிறகு எண்பத்தேழு, இப்போது எண்பத்துநான்கு. தோள்வலி என்றார். பரீட்சைத் தாள் திருத்தின களைப்பு என்றார். சுப்ரஜா அவற்றை நம்பினாள். நம்புவது அவளுக்கு வசதியாக இருந்தது.

சனிக்கிழமை அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு அவள் கசார்வாடிக்குப் போனாள். கடைக்கு லென்ஸ் வெட்டித் தருகிற பட்டறை அங்கே இருக்கிறது. பழைய மும்பை நெடுஞ்சாலையை ஒட்டி, ஒரு பக்கம் கடைசல் பட்டறை, மறுபக்கம் டயர்க் கடை. நடுவில் முகமது ரஃபீக்கின் ஒற்றை அறை. வாணியம்பாடியிலிருந்து வந்து முப்பது வருடமாகிறது. அவர் தமிழில் ஆரம்பித்து இந்தியில் முடிப்பார், வேலையை நிறுத்தாமல் பேசுவார்.

"க்யா பேட்டி, சனிக்கிழமை கூட சும்மா உக்கார மாட்டியா?"

அவள் சட்டத்தையும் சீட்டையும் கொடுத்தாள். ரஃபீக் சீட்டைத் தூரப் பிடித்துப் படித்தார்.

"மைனஸ் முக்கால். இது அந்தப் பிஸ்டல் அம்மாவுது தானே? மொதல்ல முக்கால் கேட்ட. அப்புறம் ஒண்ணேகால் கேட்ட. இப்போ திரும்ப முக்கால். அந்தம்மா கண்ணு என்ன, சப்ஜி மண்டியில பேரம் பேசுதா?"

"அவங்க கண்ணு மாறலீங்க பாய்."

"ஃபிர், அப்போ யாரு மாறுனது?"

ரஃபீக் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. இயந்திரம் ஓட ஆரம்பித்தது, தண்ணீர் தெறித்தது. அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. புது லென்ஸைச் சட்டத்தில் மாட்டி, பழையதைக் காகிதத்தில் சுற்றி, இரண்டையும் அவள் கையில் வைத்தார்.

"பாக்க ரெண்டும் ஒண்ணுதான். போட்டுக்கிறவங்களுக்கே தெரியாது, போ."

அதைத்தான் அவளும் நம்பியிருந்தாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பழைய லென்ஸில் கோட்டிங் போய்விட்டதுங்க்கா. அதனால்தான் கூசியிருக்கிறது. மாற்றிவிட்டேன், போட்டுப் பாருங்கள். ஐந்தாறு தடவை சொல்லிப் பார்த்ததில் அது பொய் மாதிரியே இல்லை. நாளைக் காலையில் மங்கையர்க்கரசி கையை நீட்டுவார், ஃப்ரண்ட் சைட் கல்லில் செதுக்கியதுபோல் தெரியும், இலக்கு பழையபடி மங்கலாகிவிடும், ஆட்டம் மறைந்துவிடும். திங்கட்கிழமை டாக்டரிடம் போகவே வேண்டியிருக்காது. யாரும் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

லோஹேகாவில் அவள் இறங்கியபோது மணி ஆறு தாண்டியிருந்தது. மங்கையர்க்கரசி வீட்டில் கூடத்து விளக்கு மட்டும் எரிந்தது. மேஜைமேல் திருத்திய கணக்கு நோட்டுகள் ஒரு அடுக்கு, திருத்தாதவை ஒரு அடுக்கு. பிஸ்டல் பெட்டி பூட்டி, பீரோவின் தலைமேல் ஏற்றப்பட்டிருந்தது. எப்போதும் அது சோபாவுக்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

"என்னட்டி, நனஞ்சுகிட்டே வந்துருக்க? போன் பண்ணிருந்தா ஆட்டோ பிடிச்சு வந்துருப்பேன்லா. இந்தா, தலயத் தொவட்டு."

சுப்ரஜா துண்டை வாங்கிக்கொண்டு, துடைக்காமல், கண்ணாடி டப்பாவை நீட்டினாள்.

"பழைய லென்ஸ்ல கோட்டிங் போயிருச்சுங்க்கா. அதனாலதான் கூசிருக்குது. புதுசு மாத்திட்டு வந்துட்டனுங்க. ஒருக்கா போட்டுப் பாருங்க."

மங்கையர்க்கரசி டப்பாவை வாங்கினார். திறக்கவில்லை.

"இதுக்காகவா கசார்வாடி வர போயிட்டு வந்த?"

"பக்கந்தானுங்க்கா."

"எது பக்கம்? ரெண்டு பஸ் மாறணும்." டப்பாவை மேஜைமேல் நோட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்தார். "லென்ஸ மாத்துனா கை நிக்குமா பிள்ள?"

"ஒரே ஒருக்கா போட்டுக் கைய நீட்டிப் பாருங்க்கா."

"மாட்டேன். போட்டுப் போட்டு, அது ஆடுதத பாத்துப் பாத்து, நல்லா இருக்க நேரத்துலயும் கையவே பாத்துட்டு இருக்கேன். நேத்து கிளாஸ்ல போர்டுல ஒரு கோடு போட்டேன். கோடு நேரா வந்துச்சான்னு ரெண்டு தரம் தள்ளி நின்னு பாத்தேன். பிள்ளைங்க சிரிக்குது. போதும்."

விமானம் ஒன்று வீட்டுக்கு மேலே போனது. அது போகும்வரை இருவரும் பேசாமல் நின்றார்கள். லோஹேகாவில் எல்லாரும் அப்படித்தான் நிற்பார்கள்.

"உங்க வீட்டு சாருக்குத் தெரியுமாக்கா?"

"அவுகட்ட சொல்லல. அங்கன இருந்துட்டு என்ன செய்வாக, லீவும் கெடைக்காது. மவன்ட்டயும் சொல்லல. ஒங்கிட்டதான் சொல்லிருக்கேன்." மங்கையர்க்கரசி அடுப்படிக்குப் போனார். பாத்திரம் வைக்கிற சத்தத்தோடு குரல் வந்தது. "ஒண்ணு பண்ணு. சுடப் போகலன்னா ஞாயித்துக்கிழம எனக்கு வீட்டுல கெடந்து என்ன செய்யன்னு தெரியாது. நீ வழக்கம்போல வா. சொதி வைக்கேன். டாக்டர் என்ன சொன்னாலும் வா, கேட்டியா."

"சரிங்க்கா," என்று வந்த சொல்லைச் சுப்ரஜா தொண்டையிலேயே நிறுத்தினாள்.

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. அவளிடமிருந்து ஒன்றும் பறிபோகப் போவதில்லை. சும்மா இருந்தால் போதும். ஞாயிறு இருக்கும், சொதி இருக்கும், என்னட்டி என்று கேட்க ஒரு குரல் இருக்கும். பிஸ்டல் மட்டும் பீரோமேல் இருக்கும். அவர் கையைப் பார்த்துக்கொண்டே இருப்பார். டாக்டர் ஒன்றுமில்லை என்று சொன்னாலும் நம்ப மாட்டார். தன் கண்ணால் பார்த்த ஆட்டத்தை யார் சொன்னால் ஒருவர் இல்லை என்று நம்புவார்?

மங்கையர்க்கரசி காப்பியைக் கொண்டுவந்து வைத்தார். இரண்டு டம்ளரும் தளும்பவில்லை. அதை அவர் கவனிக்கவில்லை, சுப்ரஜா கவனித்தாள். பிறகு போனை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"ஏழு மணிக்குள்ள சொல்லிட்டா என் எடத்த வேற ஆளுக்குக் குடுத்துருவாகளாம். மெயில் எழுதி வச்சுருக்கேன். நான் கணக்கு டீச்சர், என் இங்கிலீஷ் லட்சணம் ஒனக்குத் தெரியும். ஒரு தரம் வாசி. சரியா இருந்தா அனுப்பிருதேன்."

மணி ஆறு ஐம்பது. சுப்ரஜா வாசித்தாள். மூன்றே வரி. மதிப்பிற்குரிய ஐயா என்று ஆரம்பித்து, என் வலது கையில் ஏற்பட்டுள்ள நடுக்கம் காரணமாக நாளைய தகுதிச் சுற்றிலிருந்து விலகிக்கொள்கிறேன், இனிமேல் என் பெயரைப் பட்டியலில் சேர்க்க வேண்டாம், இத்தனை வருடம் வாய்ப்புக் கொடுத்ததற்கு நன்றி என்று இருந்தது. எந்தப் பிழையும் இல்லை. அவள் இரண்டாவது தடவையும் வாசித்தாள்.

"என்ன, சரியா இருக்கா?"

மங்கையர்க்கரசி போனைத் திரும்ப வாங்கிக்கொண்டார். கட்டைவிரல் திரைக்கு மேலே வந்து நின்றது.

"அனுப்பாதீங்க்கா."

"ஏன், என்ன தப்பு?"

சுப்ரஜா டம்ளரைப் பிடித்துக்கொண்டாள். காப்பி சுட்டது. பஸ்ஸில் அவள் சொல்லிப் பார்த்ததில் இது இல்லை, எங்கிருந்து ஆரம்பிப்பது என்றும் தெரியவில்லை.

"அதுல எழுதிருக்கறது தப்புங்க்கா," என்றாள்.

"எது?"

"நடுக்கம். உங்க கை நடுங்கலீங்க்கா."

"நீ ஆறுதலுக்குச் சொல்லுத."

"இல்லீங்க." அவள் குரல் அவளுக்கே உரக்கக் கேட்டது. "மார்ச்சுல நீங்க மங்கலாத் தெரியுதுன்னு சொன்னப்ப அது அப்படித்தான் தெரியோணும்னு எனக்குத் தெரியுமுங்க்கா. அந்த மொத லென்ஸ் சரியாத்தான் இருந்துச்சு. நீங்க சோறு போட்டுட்டு நின்னீங்க. இல்லீன்னு சொன்னா அடுத்த வாரம் கூப்பிட மாட்டீங்களோன்னு பயந்துட்டேன். தப்பான லென்ஸ்னு தெரிஞ்சேதான் போட்டுக் குடுத்தனுங்க்கா."